பைத்தானைத் தூக்கினா டெஸ்க்டாப்பும் போகும்

போன எபிசோடுக்குப் பிறகு நிறைய பேர் கேட்ட கேள்வி: லினக்ஸ்ல ஏற்கெனவே ஒரு பைத்தான் இருக்கே, அதை அழிச்சிட்டுப் புதுசு போடலாமா?

வேண்டாம். நான் அழிச்சுப் பாத்தவன். கொல்லிமலை, செம்மேடு. நண்பனோட தங்கச்சி லேப்டாப்ல உபுண்டு 24.04. திங்கட்கிழமை காலேஜ்ல ப்ராஜெக்ட் காட்டணும். பாண்டாஸ் வேணும்னு 'பிப் இன்ஸ்டால்' அடிச்சா, 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்'னு எரர். இருக்கிற பைத்தான்தான் கெட்டுப்போச்சுன்னு நானா முடிவு பண்ணி, 'சூடோ ஆப்ட் ரிமூவ் பைத்தான்3' அடிச்சேன். எதையெல்லாம் நீக்கப்போறேன்னு நீளமா ஒரு பட்டியல் காட்டுச்சு. அதுல உபுண்டு டெஸ்க்டாப்பும் இருந்துச்சு. படிக்காம ஒய் தட்டினேன்.

ரீஸ்டார்ட் பண்ணா கறுப்புத் திரை, லாகின்னு ஒரே ஒரு வரி.

"அண்ணா, என் ஃபைல் எல்லாம் இருக்கா?"ன்னா. நல்லவேளை, இருந்துச்சு. ஆப்ட் நம்ம ஹோம் ஃபோல்டரைத் தொடாது.

அந்த பைத்தான் நமக்காக மட்டும் வெச்சது இல்ல. அப்டேட் பாக்குறது உட்பட சிஸ்டத்தோட பல வேலைகள் அதை நம்பித்தான் ஓடுது. அதனாலதான் 2023ல வந்த டெபியன் 12லேர்ந்து, சிஸ்டம் பைத்தானுக்குள்ள பிப் நேரா கை வைக்க முடியாது. அந்த எரர் பழுது இல்ல, காவல். அதைத் தாண்டுறதுக்குன்னே 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்'னு ஒரு ஆப்ஷன் இருக்கு. பேரைப் படிச்சாலே போதும்!

சரி, போனை யூஎஸ்பி கேபிள்ல மாட்டி, சிக்னல் கிடைச்ச திண்ணையில உக்காந்து, 'ஆப்ட் இன்ஸ்டால் உபுண்டு-டெஸ்க்டாப்'. நூத்துக்கணக்கான எம்பி. ராத்திரி முழுக்க இறங்குச்சு.

காலையில செஞ்சது சின்ன வேலை. 'பைத்தான்3-வென்வ்' பேக்கேஜைப் போட்டு, ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்ள 'பைத்தான்3 -எம் வென்வ்'னு தனி அறை ஒண்ணு உருவாக்கி, அதை ஆக்டிவேட் பண்ணி, உள்ள பிப் ஓட்டினோம். பாண்டாஸ் வந்துடுச்சு. அவளுக்குப் புது பைத்தானே தேவைப்படல. நிஜமாவே புது வெர்ஷன் வேணும்னா பைஎன்வ் போடுங்க; பழசு பக்கத்துலயே இருக்கட்டும். முத்து அண்ணாமலை பைத்தான்ல எழுதின எழில் மொழியைப் போடறதுக்கும் இதே தனி அறைதான் பாதுகாப்பு.

இப்போ மலை ஏறுறதுக்கு முன்னாடியே 'பிப் டவுன்லோட்' பண்ணிப் பென் டிரைவ்ல எடுத்துக்கிறேன். மேல போய், 'நோ இண்டெக்ஸ்', 'ஃபைண்ட் லிங்க்ஸ்' ரெண்டும் சேர்த்து இன்ஸ்டால் பண்ணா நெட்டே வேண்டாம். ஒண்ணு மட்டும்: ரெண்டு மெஷின்லயும் ஒரே பைத்தான் வெர்ஷன், ஒரே வகை ப்ராசசரான்னு கீழயே பாத்துடுங்க. 70 கொண்டை ஊசி வளைவு ஏறின பிறகு பாத்தா, மறுபடி இறங்கணும்.