கலியாண வயதும் கூலி வயதும்

(பெங்களூரில் தமிழ்த் தோழர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



அரசியல் வகுப்பில் கலியாணப் பேச்சு எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். விலைவாசி, தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், குடியிருப்புப் பட்டா எனப் பேசுவதற்கு எவ்வளவோ இருக்கின்றன. ஆயினும் இந்நகரில் ஓர் இளம் தொழிலாளி வேலையில் நீடிக்கிறாரா, சங்கத்துக்கு வருகிறாரா, கடனில் மூழ்குகிறாரா என்பதைத் தீர்மானிக்கும் கேள்விகளுள் ஒன்று, "இன்னும் கலியாணம் ஆகவில்லையா?" என்பது.

பெண்ணுக்கு இருபத்து மூன்று, ஆணுக்கு இருபத்தெட்டு என ஊரார் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் பெண்ணுக்கு 'முதிர்கன்னி' என்று பட்டம். ஆணுக்கோ 'என்ன குறையோ' என்ற ஐயம். பீன்யாவிலும் பொம்மனஹள்ளியிலும் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கும், வெளிவட்டச் சாலையில் கணினியின் முன் அமர்ந்திருக்கும் இளைஞனுக்கும் ஊரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பில் இந்தக் கேள்வி தவறாமல் இடம்பெறுகிறது. கல்யாணமாகாதவர்களுக்கு வீடு தருவதில்லை என்று சொல்லும் வீட்டு உரிமையாளர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். வாடகை வீடு கிடைப்பதற்கே தாலி தேவை என்றாகும்போது அறிவுரை நெருக்குதலாக மாறுகிறது.

வயது இயற்கை விதித்ததா?

'காலாகாலத்தில்' நடக்க வேண்டும் என்பார்கள். அந்தக் காலத்தை விதித்தவர் யார் என்று வரலாற்றைக் கேட்டால், விடை அவ்வப்போது மாறியிருக்கிறது. மைசூர் சமஸ்தானம் 1894இல் குழந்தை மணத் தடுப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. எட்டு வயது நிரம்பாத சிறுமிக்கு மணம் செய்வதையும், ஐம்பது வயதைக் கடந்த ஆண் பதினான்கு வயது நிரம்பாத சிறுமியை மணப்பதையும் அது தடை செய்தது. அன்று அதுவே முன்னேற்றம். 1929இல் நிறைவேறி 1930 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்றது. 1978இல் அது 18, 21 என உயர்ந்தது. மைசூர்ச் சட்டத்துக்கும் 1978க்கும் இடைப்பட்ட 84 ஆண்டுகளில் மனித உடலின் இயற்கை மாறிவிடவில்லை. மாறியவை உற்பத்தி முறையும், கல்வியும், சீர்திருத்தப் போராட்டங்களும்தான்.

இன்னும் முடியாத போராட்டம் அது. 2019-21ஆம் ஆண்டுகளின் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள் கர்நாடகத்தில் 21.3 விழுக்காடு, தமிழ்நாட்டில் 12.8 விழுக்காடு. சட்டம் வகுத்த கீழ் எல்லையே இப்படி மீறப்படுகிறது. மேல் எல்லையைச் சட்டம் வகுக்கவில்லை. சமூகம் தானாகவே வகுத்துக்கொண்டது. பதினெட்டு வயது நிறைந்த மறுநாளிலிருந்து அந்த எல்லை தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது.

2021 டிசம்பரில் ஒன்றிய அரசு பெண்ணின் திருமண வயதை 21ஆக உயர்த்தும் மசோதாவைக் கொண்டுவந்தபோது இடதுசாரி மாதர் இயக்கம் அதை எதிர்த்தது. பதினெட்டு வயதில் வாக்களிக்கத் தகுதி பெற்றவருக்கு வாழ்க்கைத் துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை மறுப்பது பெற்றோர் கையிலும் காவல்துறை கையிலும் புதிய தடியைக் கொடுப்பதாகும் என்பதே அதன் வாதம். 2024இல் மக்களவை கலைக்கப்பட்டபோது மசோதா காலாவதியானது. வயதை ஏட்டில் உயர்த்துவது எளிது. படிப்பதற்கும் சம்பாதிப்பதற்கும் 'வேண்டாம்' என்று சொல்வதற்கும் வழி செய்வதுதான் அரிது.

சீர்வரிசைக்காக ஒரு கொத்தடிமை

ஏழைக் குடும்பத்தில் இந்த நெருக்குதல் எப்படி இயங்குகிறது? மகளின் வயது ஏற ஏற மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் தொகையும் ஏறுகிறது. தங்கத்தின் விலையோ எவருக்காகவும் காத்திருப்பதில்லை. அடுத்தவள் வளர்ந்து நிற்கிறாள். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. வரதட்சணை 'அன்பளிப்பு' என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆகவே, 'சீக்கிரம் முடித்துவிடுவோம்' என்று தந்தை சொல்வதில் பாசத்தோடு ஒரு வரவுசெலவுக் கணக்கும் இருக்கிறது.

அந்தக் கணக்கைப் பஞ்சாலை முதலாளிகள் நன்கு படித்தார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பகுதிகளின் நூற்பாலைகளில் நடந்த 'சுமங்கலி' திட்டத்தைத் தோழர்கள் அறிவீர்கள். ஆலை விடுதியில் தங்கி மூன்றாண்டு வேலை செய்தால், இறுதியில் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகக் கிடைக்கும். அதைக்கொண்டு திருமணம் செய்யலாம் என்பது தரகர் கூறிய ஆசை வார்த்தை. பெரும்பாலும் தலித் மற்றும் ஏழைக் குடும்பங்களின் வளரிளம் பெண்களே கொண்டுவரப்பட்டார்கள். இடையில் உடல்நலம் கெட்டு வெளியேறினால் அத்தொகை இல்லை. தாராளக் கொடைபோல் காட்டப்பட்ட பணம், மாதந்தோறும் கொடுக்கப்படாமல் நிறுத்திவைக்கப்பட்ட அவர்களுடைய கூலியே ஆகும்.

திட்டத்துக்கு வைத்த பெயரைக் கவனியுங்கள். கூலி உழைப்புக்குச் சுமங்கலி என்று பெயர் சூட்ட ஒரு முதலாளிக்குத் துணிவு எங்கிருந்து வந்தது? பெண் தாலியோடுதான் மதிக்கப்படுவாள் என்ற ஊராரின் நம்பிக்கையிலிருந்து வந்தது. ஊராரின் நெருக்குதல் ஆலைக்கு இலவச ஆள்பிடி வேலை செய்தது.

முதலாளியின் நாட்காட்டி

இந்தக் கணக்குக்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூரில் உள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பொருத்தும் வேலைக்கு மணமான பெண்கள் ஒதுக்கப்படுகிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. அதே நிறுவனம் பெங்களூருக்கு அருகே தேவனஹள்ளியிலும் ஆலை அமைத்திருப்பதால், இது நம் அண்டை வீட்டுச் செய்தியும்கூட.

பொதுத்துறையும் இதற்கு விலக்காக இருந்ததில்லை. ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் பணியில் சேர்ந்து நான்காண்டுகளுக்குள் மணம் செய்தால் வேலையை இழக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. 1981இல் நர்கேஷ் மீர்சா வழக்கில் உச்சநீதிமன்றம், கருவுற்றால் பணிநீக்கம் என்ற விதியைத் தள்ளியது. திருமணத் தடையையோ நியாயமானதென்று ஏற்றுக்கொண்டது.

கர்நாடகத்தின் குடகு மண்ணில் பிறந்து சென்னையில் படித்த சி.பி.முத்தம்மா, 1949இல் இந்திய அயலுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். திருமணம் செய்துகொண்டால் பதவி விலகுவதாக எழுதிக்கொடுத்துத்தான் அவர் பணியில் சேர முடிந்தது. பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது அவர் உச்சநீதிமன்றம் சென்றார். 1979இல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், 1957ஆம் ஆண்டின் கேரளக் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் பணியாற்றியவர், அந்த விதிகளைக் கடுமையாகச் சாடினார். குடும்பப் பொறுப்பு பெண்ணின் பணிக்கு இடையூறு என்றால் ஆணின் பணிக்கு இடையூறு இல்லையா என்பது அவர் எழுப்பிய கேள்வியின் சாரம். விதிகளைக் கைவிடுவதாக அரசு நீதிமன்றத்தில் கூற நேர்ந்தது. இறுதிவரை மணமாகாமல் வாழ்ந்த முத்தம்மா 2009இல் இதே பெங்களூரில் காலமானார்.

இப்போது இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 'இருபத்தைந்துக்குள் மணம் செய்' என்கிறது குடும்பம். 'மணம் செய்தால் வேலை இல்லை' என்கிறான் முதலாளி. முரண்பட்டவைபோல் தோன்றும் இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று உதவுகின்றன. திருமணத்துக்கு முந்தைய சில ஆண்டுகள் மட்டும் மலிவான உழைப்பு. பிறகு வீட்டுக்கு அனுப்பிவிட்டால் பணிமூப்பும் இல்லை, பணிக்கொடையும் இல்லை, சங்கமும் இல்லை. அடுத்த தொகுதி வாசலில் காத்திருக்கிறது. வீடு சென்றவளோ கூலியின்றி அடுத்த தலைமுறைத் தொழிலாளியை வளர்க்கிறாள். தனியுடைமையும் வாரிசுரிமையும் எப்படிக் குடும்பத்தின் வடிவத்தை நிர்ணயித்தன என்று எங்கெல்ஸ் 1884இல் 'குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்' நூலில் விளக்கினார். அந்த விளக்கத்தை உரசிப் பார்ப்பதற்கு இந்நகரின் ஆலை வாசல்களே போதும்.

2016 ஏப்ரல் காட்டிய வழி

பெங்களூரின் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள், அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் பெண்கள், 2016 ஏப்ரல் 18, 19 தேதிகளில் ஒசூர் சாலையையும் பிற நெடுஞ்சாலைகளையும் மறித்ததை இந்நகரம் மறக்கவில்லை. வருங்கால வைப்பு நிதியில் முதலாளியின் பங்கை 58 வயதுக்கு முன் எடுக்கக்கூடாது என்று ஒன்றிய அரசு அவ்வாண்டு பிப்ரவரியில் ஆணையிட்டிருந்தது. தடியடியையும் கண்ணீர்ப்புகையையும் எதிர்கொண்டு அந்தப் பெண்கள் நின்றார்கள். இரண்டாம் நாளே அரசு ஆணையைத் திரும்பப் பெற்றது.

அந்தச் சேமிப்பு யாருக்காக? பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், வீட்டுக் கடன். அவற்றோடு தங்கையின் திருமணம், மகளின் திருமணம். வைப்பு நிதிச் சட்டத்திலேயே ஒரு விந்தையான விதி நெடுங்காலம் இருந்தது. வேலையை விட்ட தொழிலாளி பணத்தை எடுக்க இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். திருமணத்துக்காக வேலையை விடும் பெண்ணுக்கு மட்டும் அந்தக் காத்திருப்பு கிடையாது. திருமணம் என்றால் பெண்ணின் பணிவாழ்வு முடிந்தது என்று சட்டமும் கருதிக்கொண்டது. முதுமைக்கான நிதி மணப்பந்தலில் கரைவதற்கு அரசே வாயில் திறந்து வைத்தது.

ஆனாலும் அந்த இரண்டு நாட்களில் வெளிப்பட்டது வேறொன்று. என் கூலி என்னுடையது, அதை எப்போது எடுப்பது என்று தீர்மானிப்பவள் நான் என்று அப்பெண்கள் அரசிடம் சொன்னார்கள். அதையே வீட்டிலும் சொல்லும் வலிமையை அவர்களுக்கு அளிப்பதுதான் இயக்கத்தின் வேலை.

மண்டியாவின் மணமகன்கள்

இந்த நெருக்குதல் ஆண்களையும் விடுவதில்லை. 2023 பிப்ரவரியில், மண்டியா மாவட்டத்தில் முப்பது வயதைக் கடந்தும் மணமாகாத விவசாய இளைஞர்கள், பெண் கிடைக்க வேண்டுமென்று வேண்டி மலை மாதேஸ்வரன் கோயிலுக்குப் பாதயாத்திரை சென்றார்கள். பலர் சிரித்தார்கள். சிரிப்பதற்கு அதில் எதுவுமில்லை. கரும்புக்கு விலை இல்லை, விவசாயத்தில் வருமானம் இல்லை. அந்த வீட்டுக்கு மகளைக் கொடுக்கப் பெற்றோர் தயாரில்லை. மணமாகாத ஆண் ஊரில் முழு மனிதனாகக் கருதப்படுவதும் இல்லை.

அதே ஆண்டின் இறுதியில் மண்டியாவின் வெல்ல ஆலை ஒன்றில் கருவின் பாலினம் கண்டறியும் ஸ்கேன் கருவி இயங்கியதை பெங்களூர் பையப்பனஹள்ளி காவல்துறையினர் வெளிக்கொணர்ந்தார்கள். மகளின் கலியாணச் செலவை அஞ்சி மகளையே கருவில் அழிக்கும் சமூகம், பின்னொரு நாள் மகனுக்குப் பெண் கேட்டுக் கோயிலுக்கு நடக்கிறது. அவ்வாண்டுத் தேர்தலின்போது, விவசாயிகளின் மகன்களை மணக்கும் பெண்களுக்கு 2 லட்சம் ரூபாய் தருவதாக மதச்சார்பற்ற ஜனதா தளத் தலைவர் எச்.டி.குமாரசாமி வாக்களித்தார். கரும்புக்கு விலை தர முடியாத அரசியல், மணப்பெண்ணுக்கு விலை வைத்தது.

சாதியின் அவசரம்

'வயதாகிறது' என்ற அவசரத்துக்குள் மறைந்திருக்கும் இன்னோர் அச்சம், அவளே யாரையாவது தேர்ந்தெடுத்துவிடுவாளோ என்பது. நகருக்கு வேலைக்குச் சென்ற மகளுக்கு ஊரில் அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பதன் பொருள் பெரும்பாலும் இதுவே. திருமணத் தகவல் நிறுவனங்களும் சாதிவாரியாகத் தனித்தனி இணையதளங்கள் நடத்தி இலாபம் ஈட்டுகின்றன. பழைய தரகர் கக்கத்தில் வைத்திருந்த ஜாதகக் கட்டு இப்போது கைபேசிக்குள் வந்துவிட்டது. மீறியவர்களுக்கு என்ன நேரும் என்பதை 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் வெட்டிச் சாய்க்கப்பட்ட சங்கரின் மரணம் காட்டியது. விரும்பியவரை மணப்பது வயதுவந்த எவருக்கும் அடிப்படை உரிமை என்று கர்நாடக உயர்நீதிமன்றம் 2020 நவம்பரில் கூறியது. விரும்பும்போது மணப்பதும், மணக்காமலே இருப்பதும் அதே உரிமையின் பகுதிகள்தாம்.

செய்ய வேண்டியவை

அரசின் பணம் எங்கே செல்ல வேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டம் 1989இல் தொடங்கியது. எட்டாம் வகுப்புவரை படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையால் அதுவே அன்று பெண்களைப் பள்ளியில் நிறுத்தியது. 2022இல் அது 'புதுமைப் பெண்' திட்டமாக மாற்றப்பட்டு, அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது. தாலிக்கான தங்கம் கல்லூரிக் கட்டணமாக மாறிய இந்த வழியைக் கர்நாடகத்திலும் கோர வேண்டும்.

தொழிற்சங்க அரங்கில், பணியமர்த்தும்போது திருமண நிலையைக் கேட்பதற்குத் தடை, மணமானவருக்கும் ஆகாதவருக்கும் வேலைப் பாதுகாப்பு, ஆலைகளில் செயல்படும் குழந்தைக் காப்பகம், தனித்து வாழும் தொழிலாளருக்கு நியாய வாடகையில் அரசு விடுதி ஆகியவற்றைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். 'திருமணத்துக்குப் பின் வேலைக்கு வரமாட்டேன்' என்று சொல்லும் பெண்ணை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்குவதற்கு முன், ஏன் வரமுடியவில்லை என்று அவர் வீட்டுக்குச் சென்று கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் பேச வேண்டும். செங்கொடி ஏற்றிய வீடுகளிலும் ஜாதகம் பார்க்கப்படுகிறது. கடன் வாங்கி மண்டபம் பிடிக்கப்படுகிறது. மாநாட்டில் பெண் விடுதலைத் தீர்மானத்துக்குக் கை உயர்த்திய தோழர், வீடு திரும்பியதும் மகளிடம் 'எப்போது சம்மதிப்பாய்?' என்று கேட்கிறார். கிளைக் கூட்டத்துக்கு வரும் இருபத்தாறு வயது இளைஞரிடம் மூத்த தோழர்கள் விசாரிக்கும் முதல் செய்தி, அவர் எந்தப் புத்தகம் படிக்கிறார் என்பதாக இருக்கட்டும். எளிய திருமணம், சாதி மறுப்புத் திருமணம், திருமணத்தைத் தள்ளிவைக்கும் முடிவு, வேண்டாம் என்னும் முடிவு ஆகிய நான்கையும் கிளைகள் சமமாக மதிக்க வேண்டும். வீட்டில் சச்சரவு மூளும்போது கட்சித் தோழர் இளையவரின் பக்கம் சென்று அமர வேண்டும். ஒவ்வொரு கிளையும் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு பொருளாகச் சேர்த்து, இளம் உறுப்பினர்களை முதலில் பேசவிட்டு, மற்றவர்கள் கேட்டறிய வேண்டும்.