உடம்பு போட்டுவிடும் என்று மாத்திரையை நிறுத்தலாமா?

(மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், கொழுந்து நிறுவை, லயத்துக் கூரை என்று எங்கள் கூட்டங்களில் நிறையப் பேசுகிறோம். இன்று வீட்டுக்குள்ளேயே பேசத் தயங்கும் ஒரு விடயத்தைப் பேச வந்திருக்கிறோம்.

எங்கள் தோழி ஒருவர் மாதக்கணக்கில் தூக்கமில்லாமல், சாப்பாடு இறங்காமல், பெரட்டுக்கு வரவும் முடியாமல் கிடந்தார். நாங்கள் இரண்டு பேர் கூடப் போய் அரசாங்க ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்கில் காட்டினோம். மனச்சோர்வு நோய் என்று சொல்லி வைத்தியர் மாத்திரை கொடுத்தார். ஐந்தாம் நாளே அவர் அதை நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டோம். "அத போட்டா உடம்பு ஊதிப்போகும்னு லயத்துல சொல்றாங்க. அப்புறம் எப்படி மலை ஏறிக் கொழுந்து எடுக்கிறது?" என்றார். அவர் சம்மதத்தோடுதான் இதை இங்கே சொல்கிறோம்.

அந்தப் பயத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. முழங்கால் வலியோடு மலை ஏறுகிறவர்களுக்கும், குடும்பத்தில் சீனி வருத்தம், பிரஷர் உள்ளவர்களுக்கும் எடை சின்ன விடயமல்ல. அதனால் அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடமே விளக்கம் கேட்டோம்.

இந்த மாத்திரைகள் எல்லாம் ஒரே மாதிரி அல்ல. புளூஒக்செட்டின், செர்ட்ராலின் போன்றவற்றைத் தொடங்கும்போது பெரும்பாலும் எடை கூடுவதில்லை. சிலருக்குப் பசி குறையவும் செய்யும். நீண்ட காலம் எடுத்தால் சிலருக்குச் சற்றுக் கூடலாம். அமிட்ரிப்டிலின், மிர்டாசபின் போன்றவை பசியையும் தூக்கத்தையும் கூட்டும், அவற்றில் எடை கூடும் வாய்ப்பு அதிகம். சாப்பிடாமல், தூங்காமல் வாடுகிறவருக்கு அதற்காகவே அவற்றைக் கொடுப்பதும் உண்டு.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். நோய் வந்தபோதே பலர் மெலிந்து போகிறார்கள். சுகமாகும்போது பசி திரும்புகிறது, இழந்த எடையும் திரும்புகிறது. அது உடம்பு தேறுவது. அதை மாத்திரையின் குற்றம் என்று நினைத்துவிடுகிறோம்.

இந்த மருந்தில் தொல்லை முதலில் வரும், பலன் பிறகுதான் வரும். குமட்டல், தலைவலி முதல் ஓரிரு வாரங்களில் இருக்கலாம். மனம் தெளியத் தொடங்க 2 முதல் 4 வாரம் ஆகும், நன்றாகத் தெரிய இன்னும் சில வாரம் ஆகலாம். ஐந்தாம் நாளில் நிறுத்துகிறவர் தொல்லையை மட்டும் அனுபவித்துவிட்டுப் பலனை விட்டுவிடுகிறார். வாரக்கணக்கில் எடுத்ததைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம். சுகமான பிறகும் குறைந்தது 6 மாதமாவது தொடரச் சொல்வார்கள். நிறுத்தும்போது வைத்தியர் சொல்படி மெல்லக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

அப்படியானால் என்ன செய்யலாம்? மாத்திரை தொடங்கும் நாளிலேயே எடை பார்த்துக் கிளினிக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை பாருங்கள். கூடிக்கொண்டே போனால் வெட்கப்படாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ மாற்ற வழியுண்டு. சீனி வருத்தம், கர்ப்பம், பால் கொடுக்கும் பிள்ளை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பட்டினி கிடக்க வேண்டாம். தேத்தண்ணிக்குப் போடும் சீனியைக் குறையுங்கள், ரொட்டியில் ஒன்றைக் குறைத்துப் பருப்பும் கீரையும் கூட்டுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். மாத்திரை தொடங்கிய முதல் வாரங்களில், முக்கியமாக இளம் வயதினருக்கு, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அல்லது கூடினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் பேசலாம்.

சங்கத்துக்கும் இதில் வேலை இருக்கிறது. கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் பேர் போகிறது என்று பலர் போவதில்லை. அப்படிப்பட்டவர்கள் மாதர் தலைவியிடம் சொல்லுங்கள், நிர்வாகத்தோடு நாங்கள் பேசுகிறோம். சிங்களம் தெரியாதவருக்குத் துணையாக வருகிறோம். "பைத்திய மாத்திரை" என்ற பேச்சை மட்டும் நீங்கள் லயத்தில் நிறுத்துங்கள்.

அந்தத் தோழி வைத்தியரிடம் பேசி மறுபடி தொடங்கினார். மூன்று மாதத்தில் இரண்டு கிலோ கூடியிருக்கிறது. நோயில் அவர் இழந்தது அதைவிட அதிகம். இப்போது காலையில் எங்களுக்கு முன்னாலேயே பெரட்டில் நிற்கிறார்.