கட்டிலுக்குக் கீழே படுத்திருப்பவர்



இலக்கியக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியருக்கு என்ன வேலை என்று அழைப்பிதழைப் பார்த்தவர்கள் யோசித்திருப்பீர்கள். நானும் யோசித்தேன். "நம் ஊர் ஆஸ்பத்திரி" என்று தலைப்பைக் கொடுத்துவிட்டு, பதினைந்து நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். பதினைந்து நிமிஷத்தில் நான் எதையுமே முடித்ததில்லை, என் வேலை அப்படி. முயற்சி செய்கிறேன்.

அரசாங்க ஆஸ்பத்திரியைத் திட்டினால் கைதட்டல் சுலபமாகக் கிடைக்கும். அந்தக் கைதட்டல் எனக்கு வேண்டாம். 1939-லேயே பொதுச் சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டம் போட்ட மாகாணம் நம்முடையது. மருந்து வாங்குவதற்கும் கிட்டங்கியில் வைத்துப் பிரித்து அனுப்புவதற்கும் 1994-ல் மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கினோம். மற்ற மாநிலத்தார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்து வீட்டுப் பிரசவத்துக்குப் போயிருக்கிறேன். 2019-21-ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் மாநிலத்தில் 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில்தான். இதெல்லாம் தானாக நடந்துவிடவில்லை. வெயிலில் நடந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே இன்றைக்கு நோயாளியைப் பற்றிப் பேசப் போவதில்லை. நோயாளிக்குக் கட்டில் இருக்கிறது, சீட்டு இருக்கிறது, நம்பர் இருக்கிறது. அவர் கூட வந்தவருக்கு என்ன இருக்கிறது? அதைத்தான் பேசப் போகிறேன்.

எந்த ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வேண்டுமானாலும் ராத்திரி பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள். கட்டிலுக்குக் கீழே பிளாஸ்டிக் பாய், தலைமாட்டில் ஒயர் கூடை. கூடைக்குள் பிளாஸ்க், டம்ளர், மாற்றுப் புடவை, ஜவுளிக்கடைப் பையில் சுருட்டிய ஸ்கேன் படம். வார்டுக்கு ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதில் போன் போட வரிசை. "ஏழாம் பெட்டு கூட யாரு?" என்று சிஸ்டர் கூப்பிட்டதும் பாய்க்குள் இருந்து ஓர் அம்மா எழுந்து ஓடுவார். ரத்தம் எடுத்த குப்பியை லேபுக்குக் கொண்டுபோவது அவர்தான். ரிப்போர்ட் வாங்குவது, ஸ்ட்ரெச்சரின் இன்னொரு பக்கத்தைப் பிடிப்பது, டிரிப்ஸ் தீரப் போகிறது என்று போய்ச் சொல்வது எல்லாமே அவர்தான். நோயாளி தாயாக இருந்து மகன் மட்டும் கூட வந்திருந்தால், பெண்கள் வார்டில் ராத்திரி ஆணுக்கு இடமில்லை. விதி சரிதான், குறை சொல்லவில்லை. ஆனால் அவன் வராந்தாவில் கொசுக்கடியில் உட்கார்ந்திருப்பான். உள்ளே அம்மாவுக்குத் தண்ணீர் கொடுப்பது பக்கத்துக் கட்டில்காரரோடு வந்த யாரோ ஒரு பெண். அந்தப் பெண்ணின் பெயர்கூட அவனுக்குத் தெரியாது.

இப்படிப்பட்டவரை நாம் எப்படி நடத்துகிறோம்? "கூட்டம் போடாதீங்க, வெளியே நில்லுங்க." பாதி வைத்தியம் அவர் கையில்தான் நடக்கிறது என்பது நமக்கு உறைக்கவே இல்லை.

ஒரு வீட்டில் பெரியவருக்கு வாய் ஒருபக்கம் கோணுகிறது, கை தூக்க முடியவில்லை, பேச்சுக் குழறுகிறது. பக்கவாதம். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். கட்டியா, ரத்தக்கசிவா என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகே அதைப் போடுவார்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "எப்போ ஆரம்பிச்சது?" நோயாளியால் சொல்ல முடியாது. சொல்ல வேண்டியவர் கூட வந்தவர். "சாயங்காலம் போல இருக்கும் சார்" என்றால் அந்த ஊசியைப் போடலாமா கூடாதா என்று டாக்டர் எதை வைத்து முடிவு செய்வார்? "நாலு மணிக்குக் காபி கொடுக்கும்போது நல்லாத்தான் இருந்தார், நாலரைக்கு டம்ளர் கை நழுவுச்சு" என்று ஒரு மருமகள் சொன்னால், அவர் அந்த இடத்தில் பாதி டாக்டர். அவருக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது? பள்ளிக்கூடமா, டிவி சீரியலா?

நெஞ்சுவலிக்கு வேறு கணக்கு. நம் ஆட்கள் கார் பிடித்து, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தாண்டி, மாவட்டத் தலைநகருக்கு ஒரே ஓட்டமாக ஓடுவார்கள். "அங்க என்ன இருக்கும், பாராசிட்டமால்தான் இருக்கும்" என்று ஒரு நினைப்பு. 2023-ல் "இதயம் காப்போம்" என்று ஒரு திட்டம் வந்தது. மாரடைப்பு அறிகுறியோடு வருகிறவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பதினான்கு மாத்திரைகளை ஒரே தடவையில் கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோக்ரல் நான்கு, அட்டோர்வாஸ்டேட்டின் எட்டு. போகிற வழியில் ரத்தக்கட்டி பெரிதாகாமல் பார்த்துக்கொள்ளும் வேலை இது. ஒன்று சொல்லிவிடுகிறேன்: கேட்டதை வைத்துக்கொண்டு யாரும் மெடிக்கலில் வாங்கி வீட்டில் விழுங்கி வைக்காதீர்கள். நெஞ்சுவலி எல்லாம் மாரடைப்பு அல்ல. வயிற்றுப்புண் உள்ளவருக்கு அதுவே ஆபத்து. பார்த்துக் கொடுக்க ஆள் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ராத்திரியும் திறந்திருக்கும் நிலையம் எது? இந்த அரங்கில் எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்குங்கள். ஏழெட்டுக் கை. கூட்டத் தலைவர் கை தூக்கவில்லை, பார்த்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி முடிந்து வீட்டுக்கு வந்தால் கூட இருந்தவருக்கு வேலை முடிந்ததா? அப்போதுதான் ஆரம்பம். கையில் டிஸ்சார்ஜ் சீட்டு, முழுக்க இங்கிலீஷ். மாத்திரைப் பெயருக்குப் பக்கத்தில் 1-0-1 என்று எழுதியிருக்கும். காலையில் ஒன்று, மதியம் இல்லை, ராத்திரி ஒன்று. இதை போன் நம்பர் என்று நினைத்து எடுத்து வைத்திருந்த ஒரு பாட்டியை எனக்குத் தெரியும். நாங்கள் மாத்திரைக் கவரில் காலைக்குச் சூரியனும் ராத்திரிக்குப் பிறையும் வரைந்து கொடுப்போம். எங்கள் துறை வழங்கிய பயிற்சி இல்லை அது, எங்கள் கைச்சரக்கு. நன்றாக வேலை செய்தது.

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கினார்கள். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டு வருவது சுய உதவிக் குழுவிலிருந்து வந்த நம் தெருப் பெண்கள். படுத்த படுக்கையாய் இருப்பவரைப் பார்க்க நர்ஸ் வருகிறார், பிசியோதெரபிஸ்ட் வருகிறார். என்னைக் கேட்டால், இந்தத் திட்டத்தின் பெரிய நன்மை மாத்திரை அல்ல. படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படிப் புரட்டிப் போடுவது, முதுகு பிடிக்காமல் எப்படித் தூக்கி உட்கார வைப்பது என்று அந்த வீட்டுப் பெண்ணுக்கு வாசற்படி ஏறி வந்து ஒருவர் காட்டிக் கொடுக்கிறார், பாருங்கள், அதுதான் நன்மை. "நீ சாப்பிட்டியாம்மா?" என்று அவளை ஒருவர் கேட்பதும்கூட.

ஆனால் மாதம் ஒருமுறை வருகிறவர் தினமும் இருக்க முடியாது. மிச்ச நாளுக்கு ஊர்தான் வேண்டும். பக்கத்துக் கேரளத்தில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் வலி தணிப்புச் சிகிச்சையை ஒரு சிறு இடத்தில் தொடங்கினார்கள். அது மெல்ல ஆஸ்பத்திரியை விட்டு இறங்கித் தெருவுக்கு வந்தது. கடைக்காரர், ஆசிரியர், கல்லூரிப் பிள்ளைகள் என்று வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கக்கூடியவர்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். செலவுக்குப் பணத்தையும் ஊரிலேயே திரட்டினார்கள். 2008-ல் அந்த மாநில அரசு இதற்கென்று கொள்கையே வகுத்தது. ஊர் முன்னே போனது, அரசாணை பின்னே வந்தது. நாமோ அரசாணை வரட்டும் என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கிறோம்.

ஐந்நூறு பக்க நாவலைப் படித்துவிட்டு அதில் வரும் மருமகளுக்காக அழுகிற கூட்டம் இது. ஆகையால் துணிந்து கேட்கிறேன். தாலுகா ஆஸ்பத்திரியில் காலை எட்டிலிருந்து பதினொன்று வரைதான் நெரிசல். ஓபி சீட்டு எங்கே, எக்ஸ்ரே எந்தக் கட்டடம், காப்பீட்டு அட்டைக்கு யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் வெளியூர்க்காரர் முழிக்கிற நேரம் அது. தினம் இருவர் வாசலில் நின்று வழி சொன்னால் போதும். வைத்தியம் பார்க்க வேண்டாம், சிபாரிசு வேண்டவே வேண்டாம். தலைமை மருத்துவ அலுவலரிடம் முறையாக அனுமதி வாங்கித்தான் நிற்க வேண்டும். வாட்ச்மேனோடு சண்டை போட நான் வரமாட்டேன்.

இன்னொன்று, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு அது உண்டு. ஆனால் அப்பாவை ஐசியூவில் படுக்க வைத்துவிட்டு, வருமானச் சான்றிதழுக்கு மகன் அலைவதைத்தான் காலமெல்லாம் பார்த்திருக்கிறேன். உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்து வைக்க வேண்டிய காகிதம் அது. ரேஷன் கார்டும் சான்றிதழும் கொண்டு வந்தால் விண்ணப்பம் எழுதிக் கொடுக்க இந்த நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மேஜை போடலாமா என்று நூலகரைக் கேட்டேன். மேஜை உண்டு, ஆள்தான் வேண்டும் என்றார்.

அந்த ஆளைத் தேடித்தான் இவ்வளவு நேரம் பேசினேன். வாசலில் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன், நூலில் கட்டிய பேனாவோடு. பெயரையும், எந்தக் கிழமை காலையில் வர முடியும் என்பதையும் எழுதினால் போதும். முதல் பக்கத்தில் திங்கட்கிழமைக்கு நேராக என் பெயர் இருக்கிறது. கூட நிற்க இன்னொருவர் வேண்டும்.