ஒப்பந்தம் எவர்க்குச் சுதந்திரம்?



கூலி என்பது இருவர் மனமொத்துச் செய்துகொள்ளும் ஒப்பந்தம்; கேள்வியும் நிரம்பலும் அதனைத் தாமே நிர்ணயிக்கும்; மூன்றாமவர் அதிலே தலையிடலாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பிரான்சில் அரசியற் பொருளாதாரம் புகட்டிய பாடம் இதுவே. இப்பாடத்தை எதிர்த்து எழுந்த சோஷலிச அறிஞர்கள் கேட்ட கேள்வியையே நாம் இன்று ஆராய விரும்புகின்றோம்.

முதலில் லியோன் நகருக்குச் செல்வோம். அங்கே பட்டு வணிகர் நூலைக் கொடுப்பர். நெசவாளர் தம் வீட்டுத் தறியில் நெய்து கொடுத்து, அளவுக்கேற்பக் கூலி பெறுவர். 1831ஆம் ஆண்டு ஒக்டோபரில், மாவட்ட அதிபர் முன்னிலையில் இரு தரத்துப் பிரதிநிதிகளும் கூடிக் குறைந்தபட்சக் கூலிப் பட்டியல் ஒன்றை ஏற்றனர். வணிகரில் ஒரு பகுதியினர் அதனை மறுத்தனர். பட்டியலுக்குச் சட்டவலு இல்லையெனப் பாரிஸ் அரசும் கைவிரித்தது. நவம்பர் 21ஆம் நாள் நெசவாளர் கிளர்ந்தெழுந்தனர். உழைத்து வாழ்வோம், அன்றேற் போராடி மடிவோம் என்பதே அவர்தம் கருங்கொடியின் வாசகம். சில நாட்கள் நகரமே அவர்கள் கையில் இருந்தது. டிசம்பரிற் படை புகுந்தது. கூலிப் பட்டியல் ஒழிந்தது.

ஒப்பந்தம் சுதந்திரமானது என்ற அந்நாட்டிலேதான், 1791ஆம் ஆண்டின் சட்டம் தொழிலாளர் ஒன்றுகூடுவதைத் தடுத்தது. 1810ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையோ முதலாளிகளின் கூட்டுக்குச் சிறு தண்டனையும் தொழிலாளரின் கூட்டுக்குப் பெருந்தண்டனையும் விதித்தது. இதுவா சமத்துவம்?

ஜெனீவாவிற் பிறந்த சிஸ்மொண்டி, அதம் ஸ்மித்தின் மாணாக்கராகவே எழுதத் தொடங்கியவர். எனினும் 1819இல் அவர் குரல் மாறியது. உற்பத்தி பெருகப் பெருக, அதனை வாங்க வேண்டிய உழைப்பாளியின் கை வறண்டால், பண்டம் தேங்கும், நெருக்கடி பிறக்கும் என்றார். 1840இல் யூஜீன் பூரே இன்னும் ஆழமாகச் சென்றார். பட்டை இவ்வாண்டு விற்காவிடில் அடுத்த ஆண்டு விற்கலாம். இன்று விற்காத உழைப்போ இன்றே அழிந்தது. காத்திருக்க இயலாதவன் எவ்வாறு சமமாகப் பேரம் பேசுவான்?

அதே ஆண்டு புரூதோன் மற்றொரு கணக்கைக் காட்டினார். எகிப்திலிருந்து வந்த கற்றூணை இருநூறு வீரர் கூடிச் சில மணி நேரத்திற் பாரிஸில் நிறுத்தினர். ஒருவன் இருநூறு நாள் உழைத்தாலும் அதனை நிறுத்துவானோ? முதலாளி ஒவ்வொருவனுக்கும் தனித்தனியே கூலி கொடுக்கிறான். அவர்கள் ஒன்றுசேர்ந்ததாற் பிறந்த வலிமைக்கு எவன் கூலி கொடுத்தான்?

இவர்களிடம் குறையில்லை என்று நாம் கூறோம். கூட்டு வலிமையைக் கண்டுரைத்த புரூதோனே வேலைநிறுத்தத்தை எதிர்த்தார். அவரது 1846ஆம் ஆண்டு நூலுக்கு, மறு ஆண்டே மார்க்ஸ் கடுமையான மறுப்பு எழுதினார். லூயி பிளாங் அரசின் முதலீட்டிலே தொழிலாளர் தாமே நடத்தும் தொழிற்கூடங்களை வேண்டினார். 1848ஆம் ஆண்டுப் புரட்சி அரசோ, வேலையற்றோரை மண்வெட்ட விட்டு, அதற்குத் தேசியத் தொழிற்கூடம் எனப் பெயர் சூட்டியது. ஜூன் மாதம் அவற்றை மூட முனைந்தபோது பாரிஸ் உழைப்பாளர் எழுந்தனர்; நான்கு நாட்களில் அவ்வெழுச்சி இரத்தத்தில் மூழ்கியது.

எனினும் அவர்கள் கேட்ட கேள்வி மடியவில்லை. 1864இல் ஒன்றுகூடி வேலைநிறுத்தம் செய்வது குற்றமெனும் விதி நீங்கியது. 1884இற் தொழிற்சங்கம் சட்டத்தின் ஏற்பைப் பெற்றது. லியோனில் 1831இற் கேட்ட குரல் சட்டப் புத்தகத்தை எட்ட ஐம்பத்துமூன்று ஆண்டுகள் சென்றன!

ஆதலின் தோழர்களே, கூலியைச் சந்தையே தீர்க்கும் என்று எவரேனும் உரைத்தால், நாம் ஒன்றே கேட்போம்: பேரம் முடியும்வரை எவர் வீட்டில் அடுப்பு எரிகிறது?