எழுத்துருப் போனால் எழுத்தும் போவதா?

(இராசபாளையத்தில் தமிழன்பர் கூட்டமொன்றில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

இராசபாளையத்தினின்றும் திருவில்லிபுத்தூரினின்றும் வந்து குழுமியுள்ள தமிழ் நெஞ்சங்களே!

ஏறத்தாழ 20 ஆண்டுகட்கு முன்னர், இவ்விரண்டு ஊர்களிலும் கைத்தறி நெய்வார் நாவில் வழங்கும் சொற்களை என் மாணவரைக் கொண்டு திரட்டினேன். பாவு, ஊடை, விழுது எனத் தொடங்கிய அத்தொகுப்பைக் கணிப்பொறியில் ஏற்றிக் கோப்பாக வைத்தேன். சென்ற ஆண்டு அதனை இலிப்ரே ஆபிசு என்னும் கட்டற்ற மென்பொருளில் திறந்தேன். பாவுமில்லை, ஊடையுமில்லை. பக்கம் பக்கமாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குப்பை! “கோப்புக் கெட்டுவிட்டது ஐயா, அழித்துவிடலாம்” என்றார் உடனிருந்த இளைஞர். நான் இசையவில்லை.

நோய் யாது? அந்நாளில் பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை ஏற்றிவைத்தன. பாமினியில் ‘தமிழ்’ என்று கண்ணுக்குத் தோன்றினும், கோப்பினுள் இருப்பவை ஆங்கில எழுத்து நான்கும் ஓர் அரைப்புள்ளியுமே! நம் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அவ்வரைப்புள்ளியே ஈடாக நின்றது. எழுத்துரு என்னும் போர்வை நீங்கினால் உள்ளிருக்கும் ஆங்கிலம் வெளிப்படாதோ? ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு முறையில் எழுத்தை அடுக்கியமையால் குழப்பம் பெருகிற்று. 1999-இல் சென்னைத் தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு குறியேற்றத் தரங்களை அறிவித்தது. 2010-இல் ஒருங்குறியை ஏற்றது. ஒருங்குறியில் தமிழெழுத்துக்கெனத் தனியிடம் உண்டு. ஓர் எழுத்துரு இல்லையெனின் வேறொன்று வந்து காட்டும். ஆடை மாறும், ஆள் மாறார்.

ஆதலின் மருந்தும் இருவகை. இலிப்ரே ஆபிசின் எழுத்துருப் பெட்டியில் பெயர் சாய்வெழுத்தில் தோன்றினால், அவ்வெழுத்துரு அக்கணிப்பொறியில் இல்லை என்று அறிக. ஒருங்குறிக் கோப்பாயின், விலையின்றிக் கிடைக்கும் நோட்டோ போன்ற தமிழ் எழுத்துருவை நிறுவுக. அன்றி, விருப்பங்கள் பகுதியிலுள்ள எழுத்துரு மாற்றப் பட்டியலில் ஈடு குறித்திடுக.

பழங்குறியேற்றக் கோப்பிற்கு அம்மாற்றம் உதவாது. பெட்டியில் தோன்றும் பழம்பெயரைக் குறித்துக்கொண்டு, அவ்வெழுத்துருவைத் தேடி நிறுவிப் படித்துப் பார்க்கவேண்டும். பின்னர், அக்குறியேற்றத்திற்குரிய மாற்றியால் ஒருங்குறியாக்கி வரிவரியாக ஒப்புநோக்கவேண்டும். அதுவரை மூலக்கோப்பை அழித்தல் ஆகாது. பிறர்க்கு அனுப்புங்கால், கோப்பின் பண்புகள் பகுதியில் எழுத்துருவை ஆவணத்துள்ளேயே பொதிந்துவைக்கவும் வழியுண்டு.

என் தொகுப்பு இவ்வாறே மீண்டது. அச்சொற்களைச் சொன்ன முதியோருள் சிலர் இன்றில்லை. அன்று அழித்திருந்தால், மீண்டும் எவரிடம் சென்று கேட்பேன்?

ஏடு மட்குமுன் நம் முன்னோர் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதினர். அதனாலேயே பழநூல்கள் நம் கைக்கு எட்டின. நம் காலத்து ஏடு கணிப்பொறிக் கோப்பு. அதனைப் பெயர்த்தெழுதும் கடன் நம்முடையது. இன்றிரவே வீட்டிலுள்ள பழங்கோப்பு ஒன்றைத் திறந்து பாருங்கள்! தமிழ் தெரிகின்றதா, ஆங்கிலக் குப்பை தெரிகின்றதா என்று நோக்குங்கள்! குப்பையெனக் கண்டால் எறிந்துவிடாதீர்கள். அதனுள் தமிழ் இருக்கின்றது.

வாழ்க தமிழ்!