அடக்க விலை தெரியாம புத்தகம் போடாதீங்க

(ஒலிப்பதிவிலிருந்து சுருக்கித் தொகுத்த எழுத்து வடிவம்)

கோயமுத்தூர்ல இருந்து பேசுறேன்.

என் முதல் சிறுகதைத் தொகுப்பு வந்து ஏழு மாசம் ஆச்சு. நானே பதிப்பிச்ச புத்தகம். அதுக்கப்புறம் எனக்கு வர்ற மெசேஜ்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "அக்கா, பத்துப் பன்னிரண்டு கதை எழுதி வெச்சிருக்கேன். பதிப்பகங்களுக்கு அனுப்பினேன், பதிலே வரல. நானே புத்தகமா போட்டுடட்டுமா?"

தாராளமா போடலாம். ஆனா அச்சகத்துக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்துல தெளிவு வேணும். உங்க புத்தகத்துக்குப் பதிப்பாளர் யாரு? நீங்களா, இல்ல உங்ககிட்ட பணம் வாங்குறவரா? ரெண்டுக்கும் "சுயபதிப்பு"ன்னு ஒரே பேரைத்தான் சொல்றாங்க. ஆனா ரெண்டும் ஒண்ணு இல்லை. அதைப் பத்தித்தான் இன்னிக்குப் பேசப்போறேன்.

துணியும் நம்மது, கூலியும் நம்மது, லேபிள் யாருது?

நான் புத்தகம் போடலாம்னு விசாரிக்க ஆரம்பிச்ச ஒரே வாரத்துல ஒரு நிறுவனத்துல இருந்து போன் வந்துச்சு. பேர் வேண்டாம். 65,000 ரூபாய் பேக்கேஜ். அட்டை, வடிவமைப்பு, ஆன்லைன் விற்பனை எல்லாம் அவங்களே பார்த்துக்குவாங்க. எனக்கு 50 பிரதி. கூடவே ஒரு விருதும் உண்டாம். கதையை இன்னும் யாருமே படிக்கலை, அதுக்குள்ள விருது!

நான் நாலு கேள்வி கேட்டேன். காப்புரிமை யார் பேர்ல இருக்கும்? விலையை யார் முடிவு பண்றது? வடிவமைச்ச ஃபைலை என் கையில குடுப்பீங்களா? எத்தனை பிரதி வித்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நாலுக்கும் நேரான பதில் வரலை. அதோட அந்தப் பேச்சை விட்டுட்டேன்.

இதைத் திருப்பூர்க்காரங்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. ஜாப் ஒர்க் வேற, சொந்த லேபிள் வேற. வடிவமைப்பாளருக்குக் கூலி குடுக்கலாம், பிழை திருத்துறவருக்குக் குடுக்கலாம், அச்சகத்துக்குக் குடுக்கலாம். அது நியாயமான செலவு. ஆனா துணியும் நாம வாங்கி, தையக்கூலியும் நாம குடுத்து, லேபிளை மட்டும் இன்னொருத்தர் ஒட்டிக்கிட்டா அதுக்குப் பேர் என்ன? எல்லாக் கட்டண சேவையும் மோசம்னு நான் சொல்லலை. அந்த நாலு கேள்விக்கும் எழுத்துல பதில் குடுக்குறவங்களா பார்த்துப் போங்க.

"சொந்தக் காசுல போட்டதா?"

இந்தக் கேள்வியை ஒரு மாதிரி உதட்டைச் சுழிச்சுக்கிட்டுக் கேப்பாங்க. அதுக்குக் கூச்சப்படாதீங்க. தமிழ்ல புத்தகம் வந்த வரலாற்றைக் கொஞ்சம் பாருங்க.

உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். 500 பிரதி. புத்தகம் வந்தா வாங்கிக்கிறோம்னு பலபேர்கிட்ட முன்கூட்டியே கையொப்பம் வாங்கித்தான் அந்த வேலையே நடந்துச்சு. இன்னிக்கு நாம அதைத்தான் ப்ரீ-புக்கிங்னு சொல்றோம்.

பாரதி 1920-ல் கடையத்துல இருந்தப்போ தன்னோட எழுத்தையெல்லாம் 40 புத்தகமா, ஒவ்வொண்ணும் 10,000 பிரதி போடத் திட்டம் தீட்டினார். நண்பர்கள்கிட்ட கடனா பணம் கேட்டு சுற்றறிக்கை அனுப்பினார். அதுக்கு வட்டியும் தர்றதா எழுதினார். விளம்பரச் செலவு கூட அந்தத் திட்டத்துல உண்டு. அது நடக்கலை. அடுத்த வருஷம் செப்டம்பர்ல அவர் இறந்துட்டார். நாம கவனிக்க வேண்டியது, கவிஞன் விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு அவர் நினைக்கலைங்கிறது.

நம்ம ஊருக்கே வருவோம். தாராபுரம் பக்கம் கீரனூர்க்காரர் ஆர். சண்முகசுந்தரம். அவரோட 'நாகம்மாள்' நாவல் 1942-ல் வந்துச்சு. கொங்கு விவசாயக் குடும்பத்து வாழ்க்கை, நம்ம பேச்சு, நம்ம காடுகரை எல்லாம் அதுல இருக்கு. தமிழ்ல வட்டார நாவலைப் பத்திப் பேசினா அதுல இருந்துதான் தொடங்குவாங்க. அவரும் அவர் தம்பி திருஞானசம்பந்தமும் சேர்ந்து கோவையில 'புதுமலர் நிலையம்'னு ஒரு பதிப்பகமே நடத்தினாங்க. எழுதுறவரே பதிப்பாளராவும் இருக்கிறது இந்த ஊருக்குப் புதுசு இல்லைங்க.

ஒரு பீசுக்கு என்ன அடக்கம்?

எங்கப்பா கணபதியில சின்னதா ஒரு லேத் பட்டறை வெச்சிருக்கார். நான் புத்தகம் போடப்போறேன்னதும் கதை என்னன்னு அவர் கேக்கலை. "அம்மிணி, ஒரு பீசுக்கு என்ன அடக்கம் வருது?"ன்னுதான் கேட்டார். நான் கேட்டதுலயே உருப்படியான கேள்வி அதுதான்.

என்னோட கணக்கைச் சொல்றேன். டெமி சைஸ், 144 பக்கம். 16 பக்கம் ஒரு ஃபாரம், அப்படி 9 ஃபாரம். பிழை திருத்த 4,000. பக்க வடிவமைப்பு 3,600. அட்டை ஓவியத்தோட 5,000. அச்சும் பைண்டிங்கும் 300 பிரதிக்கு 22,500. மொத்தம் 35,100 ரூபாய். 300-ஆல வகுத்தா ஒரு பிரதிக்கு 117.

ஆனா 300-ஐயும் விக்க முடியாது. விமர்சனத்துக்கு, நூலகங்களுக்கு, உதவி பண்ணவங்களுக்குன்னு 25 பிரதி போயிடும். மீதி 275-ஆல வகுத்தா அடக்கம் கிட்டத்தட்ட 128 ரூபாய். விலை 200 வெச்சேன். கடைக்குக் குடுத்தா 35 சதவீதம் கழிவு போக 130 கைக்கு வரும். அதாவது பிரதிக்கு ரெண்டு ரூபா லாபம். நேரா வாசகருக்கு அனுப்பினா தபாலும் கவரும் 25 ரூபா போக 175 வரும். அந்தக் கணக்குல 201 பிரதி நேரா வித்தாத்தான் போட்ட முதல் திரும்பும்.

இந்தக் கணக்கைப் போட்டதும் என் பயம் பாதி போச்சு. "மார்க்கெட்"னு சொன்னா தலை சுத்துது. 200 பேரைக் கண்டுபிடிக்கணும்னா, சரி, பஸ் ஏறலாம்னு தோணுது. அவ்வளவு பணம் இல்லையா? டிஜிட்டல் அச்சுல 50 பிரதி கூட போடலாம். ஒரு பிரதியோட அடக்கம் கூடும், ஆனா முடங்குற பணம் குறையும்.

ஒரு செலவை மட்டும் குறைக்காதீங்க. சொந்தமா போடும்போது நாம இழக்குறது எடிட்டரைத்தான். உங்க மேல பாசம் இல்லாத மூணு பேர்கிட்ட கதையைக் குடுங்க. அவங்க சொல்றதைக் கேட்டுக்குங்க, ஆனா உங்க மொழியை விட்டுக்குடுத்துடாதீங்க. என் கதையில 'பொடக்காலி'ன்னு இருந்ததையெல்லாம் பிழை திருத்துனவர் 'புழக்கடை'ன்னு மாத்தியிருந்தார். அத்தனையும் திரும்பப் பொடக்காலி ஆக்கினேன். அந்த முடிவை எடுக்குற உரிமை என்கிட்ட இருந்துச்சு. பெருமாள்முருகனோட 'பூக்குழி' ஆங்கிலத்துல போய் 2023-ல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியல்ல இடம் பிடிச்சது. நம்ம வட்டாரத்து வாழ்க்கையை யாரும் படிக்க மாட்டாங்கன்னு இனிமே யாரும் சொல்ல முடியாது.

அந்த 200 பேர் எங்க இருக்காங்க?

என் கதைகள் மில் குடும்பங்களைப் பத்தினது. 1888-ல் ஸ்டேன்ஸ் ஆரம்பிச்ச முதல் மில்லுல இருந்து இந்த ஊரை வளர்த்ததே மில்லுங்கதான். இங்க இருக்கிற என்.டி.சி. மில்கள் 2020 மார்ச் ஊரடங்குல நின்னப்போ எங்க சித்தப்பாவும் வேலையில்லாம வீட்ல உக்காந்தார். அந்த வீடுகளுக்குள்ள நடந்ததுதான் என் கதை. அப்போ என் வாசகர்கள் எங்க இருப்பாங்க?

முதல்ல முன்பதிவு. ஒரு கதையை முழுசா பி.டி.எஃப். ஆக்கி வாட்ஸ்அப்ல விட்டேன். "பிடிச்சிருந்தா மீதி 11 கதைக்கு 200 ரூபா, தபால் என் செலவு"ன்னு கீழ ஒரு வரி. ஒரு மாசத்துல 94 பேர் பணம் அனுப்பினாங்க. 18,800 ரூபாய். அச்சகத்துக்குக் குடுக்க வேண்டியதுல பெரும்பகுதி அச்சாகுறதுக்கு முன்னாடியே வந்துடுச்சு.

அடுத்தது நேர்ல போறது. சிங்காநல்லூர், பீளமேடு பக்கம் ஓய்வுபெற்ற மில் தொழிலாளர்கள் கூடுற இடங்கள், நூலக வாசகர் வட்டங்கள், ரெண்டு கல்லூரித் தமிழ்த்துறைன்னு போய் 15 நிமிஷம் பேசினேன். அங்க 180 ரூபாய்க்குக் குடுத்தேன், 71 பிரதி போச்சு. ரிங் ஃப்ரேம்ல 30 வருஷம் வேலை பார்த்த ஒரு பெரியவர் நின்னுக்கிட்டே ரெண்டு பக்கம் படிச்சார். "ஷிஃப்ட் முடிஞ்சு தலையில பஞ்சைத் தட்டிக்கிட்டு வர்றதை எல்லாமுங்களா எழுதுவாங்க?"ன்னு கேட்டார். ஆறு பிரதி வாங்கிட்டுப் போனார். பிள்ளைங்களுக்காம்.

கடைகள்ல 38 பிரதி. லாபம் இல்லைன்னு சொன்னேனே, அப்புறம் ஏன் குடுக்கணும்? ராஜ வீதி விஜயா பதிப்பகம் மாதிரி இடத்துக்கு வர்றவங்க ஏற்கனவே புத்தகம் வாங்குற பழக்கம் உள்ளவங்க. கடையில நம்ம பேர் கண்ணுல படுறதுக்கு ஒரு மதிப்பு இருக்கு. அதே மாதிரி ஜூலையில கொடிசியா புத்தகத் திருவிழா, ஆகஸ்ட்ல 2005-லிருந்து நடக்குற ஈரோடு புத்தகத் திருவிழா, டிசம்பர்ல விஷ்ணுபுரம் விழா. தனி ஸ்டால் எடுக்காதீங்க, கட்டுப்படி ஆகாது. இருக்குற ஸ்டால் ஒண்ணுல பத்துப் பிரதி வைக்க இடம் கேளுங்க.

கடைசியா இன்ஸ்டாகிராம். 'பொடக்காலி'ங்கிற சொல்லைப் பத்தி நான் போட்ட ரீல் 38,000 பேரைத் தொட்டுச்சு. இன்ஸ்டா வழியா வந்த மொத்த விற்பனை 22. ரீல் போட வேண்டாம்னு சொல்லலை. வியூஸைப் பார்த்து 1,000 பிரதி அச்சடிச்சிடாதீங்கன்னு சொல்றேன்.

ஆக 225 பிரதி வித்திருக்கு, 50 பிரதி கட்டிலுக்கு அடியில இருக்கு. கைக்கு வந்தது 38,020. போட்டது போக மிச்சம் 2,920 ரூபாய். பஸ் காசும் டீ காசும் இதுல சேரலை. கதை எழுதின ரெண்டு வருஷமும் சேரலை. இதை நம்பி வேலையை விடாதீங்கன்னு சொல்லத்தான் இவ்வளவு விவரமா சொல்றேன்.

காகித வேலை

ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு யாராவது பணம் கேட்டா குடுக்காதீங்க. ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாத்தான் தருது, ஆன்லைன்லயே விண்ணப்பிக்கலாம்.

தபாலுக்கு 2025 மே 1-லிருந்து 'ஞான் போஸ்ட்' வந்திருக்கு. 300 கிராம் வரைக்கும் 20 ரூபாய், 5 கிலோ வரைக்கும் 100 ரூபாய், வரி தனி. புத்தகத்துல பதிப்பாளர் பேரோ அச்சகத்தோட பேரோ இருக்கணும்.

கிண்டில்ல தமிழ் மின்னூலை நீங்களே காசில்லாம ஏத்தலாம். கே.டி.பி. செலக்ட்ல சேர்ந்தீங்கன்னா மட்டும் 90 நாளைக்கு அந்த மின்னூலை வேற எங்கயும் குடுக்கக் கூடாது. அதைப் படிச்சுட்டு ஓகே குடுங்க.

இன்னொண்ணு, 1954-ல் வந்த நூல் வழங்கல் சட்டம். பதிப்பாளர் புத்தகம் வெளிவந்த 30 நாளுக்குள்ள கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கும் தன் செலவுல பிரதி அனுப்பணும். சொந்தமா போடுறவங்க நிறையப் பேர் இதைச் செய்றதில்லை. செய்யுங்க. மில்லு இருந்த இடத்துல நாளைக்கு அபார்ட்மெண்ட் வரலாம். அதைப் பத்தின கதை கன்னிமாராவுல ஒரு அலமாரியில இருக்கும்.

இப்போ உங்களுக்கு ஒரு வேலை. ஒரு நோட்டை எடுத்து, உங்க புத்தகத்தை 200 ரூபா குடுத்து வாங்குவாங்கன்னு நீங்க நம்புற ஆட்களோட பேரை எழுதுங்க. சொந்தக்காரங்க பத்துப் பேருக்கு மேல வேண்டாம். 150 பேர் வந்துச்சுன்னா அச்சகத்துல விலை கேளுங்க. 40 பேரோட நின்னுச்சுன்னா அச்சகம் பக்கம் போகாதீங்க, இன்னும் ரெண்டு கதையை வெளியில விடுங்க. படிச்சவங்க யாராவது "அடுத்தது எப்போ?"ன்னு கேப்பாங்க. அவங்க பேரை அந்த நோட்டுல சேர்த்துக்குங்க.

அடக்கக் கணக்கு போட்டுப் பார்த்துட்டு சந்தேகம் இருந்தா அனுப்புங்க, அடுத்த எபிசோடுல பார்ப்போம். வரட்டுங்களா?