சம்பளம் நின்றால் மனிதன் யார்?

(படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)

இன்று நாம் ஒரு கதையைப் பற்றிப் பேசப் போகிறோம். ஒரு மனிதன் காலையில் கண் விழிக்கிறான். பெரிய பூச்சியாக மாறிக் கிடக்கிறான். இந்த மாதிரி எழுத்தை அபத்த இலக்கியம் என்கிறார்கள். "நாளெல்லாம் உழைத்து அலுத்து வருகிற நமக்குப் பூச்சிக் கதை எதற்கு?" என்று சில தோழர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். முதலில் கதையைச் சொல்லிவிடுகிறோம். பிறகு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

கதையின் பெயர் 'உருமாற்றம்'. எழுதியவர் பிரான்ஸ் காப்கா. 1883-ல் பிராக் நகரில் பிறந்த யூதர். ஜெர்மன் மொழியில் எழுதியவர். 1912-ன் கடைசியில் எழுதிய இந்தக் கதை 1915-ல் அச்சாயிற்று.

கதை இதுதான்

கிரிகோர் சம்சா ஒரு துணிக் கம்பெனிக்காக ஊர் ஊராகச் சுற்றி ஆர்டர் பிடிக்கிறவன். ஐந்தாண்டுக்கு முன் அவன் தகப்பனாரின் வியாபாரம் நொடித்துப் போயிற்று. பெற்றோர் அந்தக் கம்பெனி முதலாளிக்கே கடன்பட்டிருக்கிறார்கள். மகன் அங்கே உழைத்து அதை அடைத்து வருகிறான். இன்னும் ஐந்தாறு ஆண்டு பாடுபட்டால் விடுதலை என்பது அவன் கணக்கு. அப்பன் பட்ட கடனுக்கு மகன் பண்ணையில் கட்டுண்டு கிடந்த கதை நம் விவசாயத் தோழர்களுக்குப் புதிதல்ல.

அவன் நாலு மணிக்கு எழுந்து ஐந்து மணி ரயிலைப் பிடிக்க வேண்டும். கண் விழிக்கும்போது மணி ஆறரை. முதுகு ஓடாகிவிட்டது; எண்ணற்ற கால்கள் தாறுமாறாக ஆடுகின்றன. சற்றே திகைக்கிறான். பிறகு அவனைப் பிடித்துக்கொள்ளும் கவலை எது? ரயில் போய்விட்டதே, முதலாளி என்ன சொல்வார் என்பதுதான். உடம்பு சரியில்லை என்று சொல்லலாமா? ஐந்தாண்டில் ஒரு நாளும் அவன் அப்படி இருந்ததில்லை. சொன்னால் முதலாளி இன்ஷூரன்ஸ் டாக்டரை அழைத்து வருவார். அந்த டாக்டர் கண்ணுக்கு உலகில் நோயாளியே கிடையாது. வேலைக்குக் கள்ளம் செய்கிறவர்கள்தான் உண்டு. ஏழேகால் அடிப்பதற்குள் கம்பெனியின் தலைமைக் குமாஸ்தா வீட்டுக்கே வந்துவிடுகிறார். பெற்றோர் கேட்கும்படி, வசூல் பணத்தைப் பற்றிச் சந்தேகம் கிளப்புகிறார்; வேலை நிலையில்லை என்று மிரட்டுகிறார்.

தோழர்களே, மனிதன் பூச்சியானது கற்பனை. ஆனால் பூச்சியான பிறகும் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று அவன் பதறுகிறானே, அது கற்பனையா? காய்ச்சலோடு ஆலைச் சங்குக்கு ஓடிய நம்மில் எத்தனை பேர் அந்தப் பதற்றத்தை அறிவோம்! உண்மையான அபத்தம் இங்கேதான் இருக்கிறது.

மறைத்து வைத்த பணம்

சம்பளம் நின்றது. தகப்பனார் ஒரு நாள் வீட்டு நிலைமையை எடுத்துச் சொல்கிறார். கதவுக்குப் பின்னாலிருந்து கிரிகோர் கேட்கிறான். நொடித்த வியாபாரத்திலிருந்து கொஞ்சம் பணம் மிஞ்சியிருக்கிறது. மாதாமாதம் அவன் கொடுத்ததிலும் ஒரு பகுதி சேர்ந்திருக்கிறது. அந்தப் பணத்தைக் கொண்டு கடனைச் சீக்கிரம் அடைத்திருக்கலாம். அவனும் அந்த வேலையை விட்டிருக்கலாம். அவனுக்கு அது தெரிகிறது. ஆனாலும் கோபம் வரவில்லை. அப்பா செய்தது நல்லதற்கே என்று தேற்றிக்கொள்கிறான்.

குடும்பக் கடமை என்று எதைச் சொல்கிறோமோ, அது இங்கே வெறும் கடன் பத்திரமாகிவிட்டது. உழைக்கிறவனுக்கு வீட்டுக் கணக்கே தெரியாது. சம்பளம் தருகிறான், வாங்கிக்கொள்கிறார்கள். ஆரம்பத்தில் இருந்த நெகிழ்ச்சி நாளடைவில் போய்விட்டது. தங்கை கிரேட்டேயிடம் மட்டும் அவனுக்கு ஒட்டுதல். அவள் வயலின் படிக்க இசைக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும் என்று ரகசியமாக ஆசை வைத்திருந்தான்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். கிழவர் ஒரு பாங்கியில் சேவகராகிச் சீருடை மாட்டுகிறார். தாயார் கடைக்குத் துணி தைக்கிறார். தங்கை கடையில் விற்பனைக்கு நிற்கிறாள். வீட்டில் ஓர் அறையை மூன்று பேருக்கு வாடகைக்கு விடுகிறார்கள். முதலில் அன்போடு சோறு வைத்த தங்கை பிறகு காலால் தள்ளிவிட்டுப் போகிறாள். கிரிகோரின் அறை வேண்டாத சாமான் போடும் இடமாகிறது. தகப்பனார் வீசிய ஆப்பிள் அவன் முதுகில் புதைந்து புண்ணாகிறது. கடைசியில் தங்கையே சொல்கிறாள், இதைத் தொலைத்தாக வேண்டும் என்று. அன்று விடியுமுன் அவன் இறந்து போகிறான்.

அன்றைக்கே மூவரும் வேலைக்கு லீவுக் கடிதம் எழுதிவிட்டு, டிராம் ஏறி ஊருக்கு வெளியே காற்று வாங்கப் போகிறார்கள். மகள் வளர்ந்துவிட்டாள், வரன் பார்க்க வேண்டும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். கதை முடிகிறது.

இவர்கள் கொடியவர்களா? இல்லை. இரவில் சீருடையோடு நாற்காலியிலேயே தூங்கிப்போகிற கிழவரும், கண் எரியத் தைக்கிற தாயும் ஓய்ந்து போனவர்கள். அவர்களிடம் அன்பு செலுத்தவும் தெம்பு மிஞ்சவில்லை.

காப்கா எங்கே கண்டார்?

1908 முதல் 1922 வரை காப்கா பிராக் நகரத்தில் தொழிலாளர் விபத்து இன்ஷூரன்ஸ் ஸ்தாபனத்தில் வேலை பார்த்தார். மரம் இழைக்கும் யந்திரத்தில் கத்தி பொருத்திய சதுரத் தண்டு சுழலும்போது, இடைவெளியில் விரல்கள் சிக்கித் துண்டாகும். உருளைத் தண்டு பொருத்தினால் விரல் தப்பும், செலவும் குறைவு என்று படங்களோடு அறிக்கை எழுதினார். அடிபட்ட தொழிலாளர்கள் ஸ்தாபனத்தை நொறுக்காமல் கெஞ்சிக்கொண்டு வருகிறார்களே என்று அவர் வியந்ததை நண்பர் மாக்ஸ் பிராட் எழுதி வைத்திருக்கிறார்.

குடும்பம் நடத்திய கல்நார்த் தொழிற்சாலை ஒன்றிலும் அவருக்குப் பங்கு இருந்தது. அங்கே வேலை செய்த பெண்களைப் பற்றி 1912-ல் நாட்குறிப்பில் எழுதினார். அவர்களை யாரும் மனிதராக மதிப்பதில்லை. இடித்துவிட்டாலும் மன்னிப்புக் கேட்பதில்லை. மாலை ஆறு மணிக்கு முகம் கழுவித் தலை வாரிய பிறகுதான் மீண்டும் பெண்களாகிறார்கள். அதே ஆண்டில்தான் 'உருமாற்றம்' எழுதப்பட்டது. பூச்சி எங்கிருந்து வந்தது என்று இனியும் கேட்க வேண்டுமா?

மார்க்ஸ் 1844-ல் பாரிஸில் எழுதிய குறிப்புகளில் அந்நியமாதலை விளக்கினார். உழைப்பாளி செய்த பொருள் அவனுக்குச் சொந்தமில்லை. உழைப்பு அவன் கையில் இல்லை. அதனால் அவன் தன் மனிதத் தன்மைக்கும் சக மனிதனுக்கும் அந்நியனாகிறான். அந்தக் குறிப்புகள் 1932-ல்தான் முழுமையாக வெளிவந்தன. காப்கா 1924-லேயே காசநோயால் மாண்டார். படிக்காததைப் பார்த்தே எழுதினார் அவர்.

1963 மே மாதத்தில் பிராக் அருகே லிப்லிஸ் மாளிகையில் மார்க்சிய அறிஞர்கள் கூடி காப்காவை விவாதித்தார்கள். அந்நியமாதல் முதலாளித்துவத்தோடு போய்விட்டது என்றார்கள் சிலர். எர்ன்ஸ்ட் பிஷர், ரோஜே கரோடி போன்றோர் அது சோஷலிச நாட்டிலும் இருக்கிறது, காப்காவைப் படியுங்கள் என்றார்கள். 1968-க்குப் பிறகு செக்கோஸ்லோவாகியாவில் மறுபடியும் அவரை ஒதுக்கினார்கள். நோயைச் சொன்னவனை ஒதுக்கினால் நோய் தீராது என்பதே நாம் கற்க வேண்டிய பாடம்.

நாம் செய்ய வேண்டியது

கிரிகோருக்குக் கடைசி வரை மற்றவர் பேச்சு புரிந்தது. அவனுக்குப் புரியும் என்று வீட்டார் நினைக்கவே இல்லை. அவனுக்குச் சங்கமில்லை, வாசலுக்கு வந்து விசாரிக்க ஒரு சகதொழிலாளி இல்லை. வந்தவர் குமாஸ்தா ஒருவர்தான்.

தோழர்களே, நம் வீடுகளிலும் கை போனவர் உண்டு, இருமிக்கொண்டு படுத்திருப்பவர் உண்டு, வேலை போனவர் உண்டு. நாளை அந்த இடத்தில் நாமும் இருக்கலாம். சங்கம் நஷ்ட ஈட்டுக்குப் போராட வேண்டும், போராடுவோம். அதோடு, இன்று வீட்டுக்குப் போனதும் அவர் பக்கத்தில் உட்காருங்கள். வீட்டுக் கணக்கை அவரிடமும் சொல்லுங்கள், யோசனை கேளுங்கள். சம்பளக் கவரைக் கொண்டு மனிதனை எடை போடுவது முதலாளியின் தராசு. அதை நம் வீட்டுக்குள் வைக்க வேண்டாம்.